உயிருள்ள செவி

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ்கள் உண்டு. செவிக்கு மட்டும் கதவு இல்லை. நாம் உறங்குகின்றபோதும் அது திறந்தே கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதனைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதுமில்லை. பள்ளியில் பயின்ற நாள்களில் செவியின் படத்தை வரைந்து, செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி, நத்தைச் சுருள் என்று பெயர் குறித்து மதிப்பெண் பெற்றோம். காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டுகிறது. மூன்று சிற்றெலும்புகள் அதனை உள்ளே கடத்துகின்றன. பிறகு நரம்பு அதனை மூளைக்கு எடுத்துச் செல்கிறது என்று எழுதினோம். அந்தப் 'பிறகு' என்னும் சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று நாமும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. வெறும் அசைவு எவ்வாறு நரம்பின் மொழியாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட மனிதருக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. விடையின் பெரும்பகுதி நம் தலைமுறையில்தான் கிடைத்தது.

இக்கேள்வி நமக்கு வெறும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று. நம் உறவினர் பெரியவர் ஒருவர், 80 வயதைக் கடந்தவர். இளமையில் காசநோய் கண்டு, மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு உயிர் பிழைத்தவர். பிழைத்தார், ஆனால் அன்று முதல் இருட்டில் சுவரைத் தொடாமல் அவரால் நடக்க இயலாது. செவியும் மெல்ல மெல்ல அடங்கிற்று. இடியோசை கேட்கும்; குருவியின் குரல் கேட்காது. நெஞ்சில் இருந்த நோய்க்குப் போட்ட ஊசி செவியை ஏன் தாக்க வேண்டும் என்று அவர் ஒருமுறை நம்மைக் கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை. அதனைத் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தோம்.

பழங்காலத்தவர் செவிக்குள் காற்று இருப்பதாக நம்பினர். பிறவியிலேயே செவிக்குள் வைக்கப்பட்ட, சலனமற்ற, தூய காற்று. வெளிக்காற்றின் அசைவை அந்த உட்காற்று ஏற்றுக்கொள்கிறது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த கருத்து. ஒத்ததை ஒத்தது அறியும் என்ற எண்ணத்திற்கு அது மிகவும் பொருந்தி வந்தமையால் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் எவரும் அதனை அசைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் கப்ரியேலே ஃபலோப்பியோ உட்செவியைத் திறந்து பார்த்து, அங்குள்ள சுருளுக்கு நத்தை என்றும், வளைவு வளைவான வழிகளுக்குப் புதிர்வழி என்றும் பெயரிட்டார். மொதேனா நகரப் பேராலயத்தில் கானன் என்னும் திருச்சபைப் பதவியை வகித்தவர் அவர். பாதுவாவில் உடற்கூறு கற்பித்தவர். 1561-இல் அவருடைய நூல் வெளிவந்தது. மறு ஆண்டே, 40 வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். வடிவத்தைத் துல்லியமாகக் கண்ட அவர் காலத்திலும் உட்காற்று என்ற கருத்து மட்டும் அகலவில்லை. அதற்கு மேலும் 200 ஆண்டுகள் ஆயின. 1761-இல் நேப்பிள்ஸ் நகரின் இளம் மருத்துவர் தொமெனிக்கோ கொத்துஞ்ஞோ உட்செவி முழுவதும் நீரால் நிரம்பியிருப்பதைக் காட்டினார். காற்று இருந்த இடத்தில் நீர் வந்தது. ஆனால் நீர் மட்டும் எப்படிக் கேட்கும்?

அந்த நீருக்கடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர் மார்க்விஸ் பட்டம் பெற்ற ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. அல்ஃபோன்சோ கோர்ட்டி 1822-இல் இத்தாலியின் பாவியா நகருக்கு அருகே பிறந்தவர். வியன்னாவிலும் வூர்ட்ஸ்பர்கிலும் பணியாற்றியவர். நத்தைச் சுருளின் உள்ளே இருக்கும் சவ்வுகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. தெரிந்தாலும் கைபட்டால் குழைந்துவிடுபவை. கார்மைன் என்னும் சிவப்புச் சாயத்தில் அவற்றை ஊறவைத்து, நுண்நோக்கியின் கீழ் வரிசை வரிசையாக நின்ற செல்களை அவர் கண்டார். அவற்றின் தலைமீது மயிர்க்குச்சங்கள் இருந்தன. 1851-இல் இக்கண்டுபிடிப்பு வெளியானது. அப்போது அவருக்கு வயது 29. அதன்பின் அவர் செவியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குடும்பச் சொத்தைக் கவனிக்க ஊர் திரும்பினார், மணம் புரிந்தார், சில ஆண்டுகளிலேயே மனைவியை இழந்தார், மூட்டுவாதம் கைகால்களை முடக்கியது, 1876-இல் காலமானார். அவருடைய பெயரை அந்த உறுப்புக்குச் சூட்டியவர் ஆசிரியராகவும் நண்பராகவும் இருந்த கேலிக்கர். இன்று உலகின் எந்த மருத்துவக் கல்லூரியிலும் கோர்ட்டி உறுப்பு என்று சொல்லாமல் செவியைக் கற்பிக்க இயலாது. ஒரே ஒரு கட்டுரையின் பயன் அது.

மயிர்ச்செல்களைக் கண்டாயிற்று. அவை என்ன செய்கின்றன? இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காலத்தவரும் தம் கையில் இருந்த கருவியையே செவிக்குள்ளும் கண்டனர். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் செவியை ஒரு பியானோவாகக் கண்டார். பியானோவின் தணிப்பான்களை உயர்த்திவிட்டு அதனருகே ஒரு சுரத்தைப் பாடினால், அச்சுரத்திற்குரிய தந்திகள் மட்டும் தாமே அதிரும். செவிக்குள்ளும் அவ்வாறே ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தந்தி இருக்க வேண்டும் என்றார் அவர். முதலில் கோர்ட்டி கண்ட தூண்களையே தந்திகள் எனக் கருதினார். பறவைகளுக்கு அத்தூண்களே இல்லை, ஆயினும் அவை இனிது கேட்கின்றன என்று தெரிந்ததும், செல்களைத் தாங்கி நிற்கும் அடிச்சவ்வின் இழைகளே தந்திகள் என்று மாற்றிக்கொண்டார். விக்டர் ஹென்சென் அச்சவ்வின் அகலம் சுருளின் வாயிலில் குறைந்தும் உச்சியில் மிகுந்தும் இருப்பதை அளந்து காட்டியிருந்தது இதற்குத் துணை நின்றது. உயர்ந்த சுரங்கள் வாயிலருகே, தாழ்ந்த சுரங்கள் உச்சியில் என்ற இந்த இட ஒழுங்கு இன்றும் மாறாத உண்மை. தந்திகள்தாம் நிலைக்கவில்லை.

அடுத்து வந்தவர் மருத்துவரல்லர். தொலைபேசித் துறைப் பொறியாளர். கியோர்க் ஃபோன் பெக்கேஷி 1899-இல் பூடபெஸ்டில் பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பின் ஹங்கேரி சிதைந்து கிடந்த நாளில், ஆய்வுக்கருவிகள் எஞ்சியிருந்த இடம் அஞ்சல் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றே என்பதால் அங்கே பணிக்குச் சேர்ந்தார். தொலைபேசியின் எந்தப் பகுதியைச் செப்பனிடுவது என்று அறியச் செவியின் திறனை அறிய வேண்டியிருந்தது. இறந்தோரின் செவியெலும்புகளைப் பெற்று, நீருக்கடியில் வைத்து, நுண்ணிய கருவிகளால் திறந்தார். சவ்வின்மீது வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் அவற்றின் அசைவைக் கண்டார். பட்டறையில் உலோகம் துளைக்கும் எந்திரத்தில் மனித எலும்பின் தூள் படிந்திருந்ததைக் கண்டு பணியாளர்கள் முகம் சுளித்தனராம். சுளிக்காமல் என்ன செய்வார்கள்! சுண்டெலி முதல் யானை வரை எந்தச் செவியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவர் கண்டது தனித்தனித் தந்திகளையன்று, ஓர் அலையை. கயிற்றின் ஒரு முனையை உதறினால் வளைவு ஓடுவதுபோல், அடிச்சவ்வின் வாயிலில் தொடங்கிய அசைவு உச்சி நோக்கி ஓடுகிறது. ஓடும் வழியில் வளர்கிறது. ஓரிடத்தில் உச்சம் பெற்று அடங்குகிறது. ஒலியின் சுரத்திற்கேற்ப அந்த உச்சம் இடம் மாறுகிறது. இதற்காக 1961-இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தகுதியான பரிசு. எனினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அவர் கண்ட அலையின் உச்சம் அகன்றது, மழுங்கியது. மனிதச் செவியோ நொடிக்கு 1000 அதிர்வு கொண்ட ஒலியையும் 1003 அதிர்வு கொண்ட ஒலியையும் பிரித்தறியும். அவ்வளவு மழுங்கிய அலையிலிருந்து இவ்வளவு கூர்மை எங்ஙனம் வந்தது? நரம்புகள் பின்னர் அதனைக் கூர்மைப்படுத்துகின்றன என்று பெக்கேஷி கருதினார். அவர் ஆய்ந்த மனிதச் செவிகள் அனைத்தும் இறந்தோரின் செவிகள் என்பதையும், அவற்றில் அசைவைக் காண வேண்டி உயிருள்ளோர் தாங்கவொண்ணாத பேரொலியைச் செலுத்தினார் என்பதையும் அன்று எவரும் பெரிதாக எண்ணவில்லை.

எண்ணியவர் ஒருவர் இருந்தார். தாமஸ் கோல்ட் 1920-இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1940-இல் பிரிட்டனில் பகைநாட்டவர் என்று சிறைமுகாமில் அடைக்கப்பட்டவர். பின்னர் அதே பிரிட்டனுக்காகப் போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டவர். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்பவரோடு சேர்ந்து செவியை ஆராய்ந்தார். நீரில் மூழ்கிய பியானோ ஒலிக்குமா என்பதே அவருடைய கேள்வி. நீரின் உராய்வு எந்த அதிர்வையும் உடனே விழுங்கிவிடும். ஆகவே செவி வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும் பொருளாக இருக்க இயலாது. உராய்வு தின்னும் ஆற்றலை ஒவ்வொரு அசைவிலும் ஈடுசெய்யும் ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று 1948-இல் எழுதினார். அவர் கையிலிருந்த கருவி வானொலி ஏற்பி. வெளிவரும் குறிப்பில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்திப் பெருக்கும் ஏற்பிகள் அந்நாளில் வழக்கில் இருந்தன. ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு மிக அருகில் கொண்டுபோனால் அது ஊளையிடுவதைப் பங்குப் பேரவைக் கூட்டங்களில் நாமெல்லாரும் கேட்டிருக்கிறோம். செவிக்குள்ளும் அத்தகைய பெருக்கி இருந்தால், அதுவும் சில வேளைகளில் தானே ஒலி எழுப்ப வேண்டும் என்று கோல்ட் முன்னுரைத்தார். செவியருகே ஒலிவாங்கியை வைத்தும் பார்த்தார். அன்றைய கருவிகளில் ஒன்றும் அகப்படவில்லை. பெக்கேஷி முதலான அறிஞர்கள் அவர் கருத்தை ஏற்கவில்லை.

கோல்ட் செவியை விட்டு வானியலுக்குப் போய்விட்டார். விந்தை என்னவெனில், அதே 1948-இல் அவரும் போண்டியும் ஹாய்லும் அண்டம் தொடக்கமின்றி என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்னும் கொள்கையை வெளியிட்டனர். உலகம் அதனைச் செவிமடுத்தது. பல ஆண்டுகள் விவாதித்தது. இறுதியில் அது தவறாயிற்று. செவியைப் பற்றி அவர் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை, அது சரியாயிற்று.

1971-இல் அமெரிக்காவில் வில்லியம் ரோட் உயிருள்ள அணில் குரங்குகளின் அடிச்சவ்வில் கதிரியக்கத் துகள் ஒன்றை வைத்து அசைவை அளந்தார். உச்சம் கூர்மையாக இருந்தது. மெல்லிய ஒலிகள் மிகுதியாகப் பெருக்கப்பட்டன. குரங்கு இறந்ததும் அந்தப் பெருக்கம் மறைந்தது. பெக்கேஷி தவறாக அளக்கவில்லை. அவர் அளந்தது உயிர் போன செவியை. பின்னர் லண்டனில் டேவிட் கெம்ப், அடைத்த செவிக்குள் ஒரு சிறு 'டிக்' ஒலியைச் செலுத்தி, நுண்ணிய ஒலிவாங்கியால் காத்திருந்தார். ஆயிரத்தில் சில பங்கு நொடி கழித்து, செவியின் உள்ளிருந்து ஒரு மறுமொழி வந்தது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியாயின் அவ்வளவு தாமதம் ஆகாது. கேளாச் செவிகளில் அந்த மறுமொழி வரவில்லை. 1978-இல் இது வெளியானபோது, கோல்ட் சொல்லி 30 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெருக்கி எது என்பதும் விரைவில் தெரிந்தது. மனிதச் செவி ஒன்றில் உள்வரிசையில் சுமார் 3500 மயிர்ச்செல்களும், வெளிவரிசைகளில் சுமார் 12,000 மயிர்ச்செல்களும் உள்ளன. மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகளில் மிகப்பெரும்பாலானவை உள்வரிசையில்தான் வந்து சேர்கின்றன. அப்படியானால் வெளிவரிசையின் பணி என்ன? வில்லியம் பிரௌனெலும் உடன் ஆய்ந்தோரும் தனியே பிரித்தெடுத்த வெளிச்செல் ஒன்றுக்கு மின்தூண்டல் தந்தபோது அது சுருங்கியும் நீண்டும் ஆடியது. 1985-இல் இச்செய்தி வெளிவந்தது. அந்த ஆட்டத்தைத் தரும் புரதத்தை 2000-இல் பீட்டர் டாலோஸ் குழுவினர் கண்டறிந்து, இசையில் விரைவைக் குறிக்கும் 'பிரெஸ்ட்டோ' என்ற சொல்லிலிருந்து பிரெஸ்டின் எனப் பெயரிட்டனர். ஒலி வரும்போது வெளிச்செல்கள் அதன் தாளத்திற்கேற்ப ஆடி, சவ்வின் அசைவை ஊக்குகின்றன. உள்செல்கள் அந்த ஊக்கம் பெற்ற அசைவை மூளைக்கு அறிவிக்கின்றன.

ஆனால் செல் ஆடுவதற்கு மின்மாற்றம் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? நாம் தொடங்கிய கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. அசைவு எப்படி மின்னாகிறது?

அதற்கு விடை தவளையிடமிருந்து வந்தது. 1977-இல் ஜேம்ஸ் ஹட்ஸ்பெத்தும் டேவிட் கோரியும் காளைத்தவளையின் உட்செவியிலிருந்து எடுத்த மயிர்ச்செல்லின் குச்சத்தை மெல்லிய கண்ணாடிக் கோலால் தள்ளிப் பார்த்தனர். குச்சத்தின் மயிர்கள் ஒரே உயரத்தில் இல்லை. படிக்கட்டுப்போல் குட்டையிலிருந்து நெட்டைக்கு ஏறி நிற்கின்றன. நெட்டைப் பக்கம் தள்ளினால் செல்லின் மின்னழுத்தம் ஏறியது. குட்டைப் பக்கம் தள்ளினால் இறங்கியது. குறுக்கே தள்ளினால் ஒன்றும் நிகழவில்லை. தள்ளியபின் மின்னோட்டம் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று 1979-இல் அளந்தார்கள். நொடியில் பத்து இலட்சத்தில் 40 பங்கு. கண்ணில் ஒளி விழுந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேதிவினைகள் நடந்தே மின்மாற்றம் தோன்றுகிறது; அதற்கு இதனைப்போல் பல நூறு மடங்கு நேரம் வேண்டும். செவியில் வேதிவினைக்கு நேரமே இல்லை. ஆகவே அசைவே நேராக ஒரு வாயிலை இழுத்துத் திறக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

எதைக்கொண்டு இழுக்கிறது? 1984-இல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் பிக்கிள்ஸும் இரு தோழர்களும் கினிப்பன்றியின் செவியை மின்னணு நுண்நோக்கியில் கண்டபோது, ஒவ்வொரு குட்டை மயிரின் நுனியிலிருந்தும் அடுத்த நெட்டை மயிரின் விலாவுக்கு ஒரு நூலிழை சென்றிருந்தது. அதுதான் கயிறு. குச்சம் நெட்டைப் பக்கம் சாயும்போது இழை விறைக்கிறது. நுனியிலுள்ள வாயில் திறக்கிறது. குச்சங்கள் நிற்கும் நீரில் பொட்டாசியம் மிகுதி. அந்நீருக்குச் சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தமும் உண்டு. 1952-இல் இதனைக் கண்டவரும் பெக்கேஷியே. செல்லின் உட்புறமோ எதிர்மின்னழுத்தம் உடையது. வாயில் திறந்த கணமே பொட்டாசிய அயனிகள் உள்ளே பாய்கின்றன. செல்லின் அடிப்பகுதியிலிருந்து வேதித்தூது வெளிப்பட்டு நரம்பை எழுப்புகிறது. இழை தளர்ந்தால் வாயில் மூடுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது. மிக மெல்லிய ஒலியில் குச்சம் அசையும் தூரம் ஏறத்தாழ அரை நானோமீட்டர். 20 மீட்டர் உயரமுள்ள பனையின் உச்சி 2 மில்லிமீட்டர் அசைவதற்கு ஒப்பானது. அந்த அசைவைத்தான் 'கேட்டது' என்கிறோம்.

1991-இல் கால்சியத்தை அகற்றி அந்த இழைகளை அறுத்துப் பார்த்தபோது செல் அசைவை உணரவில்லை. 1996-இல் கோழிக்குஞ்சின் செல்களில், அறுந்த இழைகள் ஒரு நாளைக்குள் மீண்டும் தோன்றுவது காணப்பட்டது. இழைக்கு மீட்சி உண்டு. 2007-இல் இழை எதனால் ஆனது என்பதும் உறுதியாயிற்று. இரண்டு வகைக் கேடெரின் புரதங்கள் நுனியோடு நுனி கோத்து அதனை அமைக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று பிழைபட்டால் குழந்தை செவிடாய்ப் பிறந்து, வளர்கையில் பார்வையையும் இழக்கும் அஷர் நோய் உண்டாகலாம். வாயிலின் புரதத்தைக் காட்டிக்கொடுத்ததும் இத்தகைய துயரமே. பிறவியிலேயே செவிப்புலன் அற்றோர் பலரைக் கொண்ட இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்ததில் 2002-இல் டிஎம்சி1 என்னும் மரபணு அகப்பட்டது. அது வாயிலின் பகுதியே என்று நிலைநாட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. உள்செல்களின் வேதித்தூதுக்குத் தேவையான வேறொரு மரபணு பழுதுபட்டிருந்த 6 குழந்தைகளுக்குச் சீனாவில் மரபணு மருத்துவம் செய்ததில் 5 பேருக்குக் கேட்கும் திறன் வந்தது என்ற செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. எண்ணிக்கை சிறிது, செய்தி பெரிது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோமைசின் 1944-இல் அறிவிக்கப்பட்டது. முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தபோதே சிலருக்குத் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் காணப்பட்டன. உடலின் சமநிலையை உணரும் உறுப்புகளும் உட்செவியில்தான் உள்ளன. அவற்றிலும் மயிர்ச்செல்களே பணி செய்கின்றன. ஊசியின் மருந்து குருதி வழியே எங்கும் செல்கிறது. ஆனால் மயிர்ச்செல்லுக்குள் அது எளிதில் நுழைகிறது. காரணம், ஒலிக்காகத் திறக்கும் அதே வாயில் இம்மருந்துக்கும் வழிவிடுகிறது. உள்ளே போனது எளிதில் வெளியேறுவதில்லை. செல் மடிகிறது. இழை மீண்டும் முளைக்கும், செல் முளைப்பதில்லை. கோழியிலும் காடையிலும் மடிந்த மயிர்ச்செல்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவதை 1988-இல் கண்டறிந்தனர். வளர்ந்த மனிதரின் நத்தைச் சுருளில் அது நிகழ்வதில்லை. சுருளின் வாயிலருகே உள்ள செல்களே பொதுவாக முதலில் மடிகின்றன. உயர்ந்த சுரங்களின் இடம் அதுவே. குருவியின் குரல் அவருக்குப் போனது அதனால்தான். பேரொலியும் இதே செல்களைத்தான் கொல்லும். நம் திருவிழாக்களில் கூம்பு ஒலிபெருக்கியின் நேர் எதிரே குழந்தைகளை அமர்த்தி வைப்போர் இதனை அறிவார்களா என்று தெரியவில்லை.

இவற்றையெல்லாம் நாம் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை படித்தார். "அந்த ஊசி இல்லையென்றால் நான் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

சில மாதங்களுக்குப் பின் அவருடைய கொள்ளுப்பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின் செவியில் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி ஒரு பெண் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெம்ப் கண்ட அந்த மறுமொழியைத் தேடும் சோதனை அது. என்ன செய்கிறார்கள் என்று பெரியவர் கையசைத்து நம்மைக் கேட்டார். குழந்தையின் செவியிலிருந்து ஒலி வருகிறதா என்று பார்க்கிறார்கள் என எழுதிக் காட்டினோம். "உங்களுக்குக் கேட்கிறதா?" என்றார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அது கருவிக்கு மட்டுமே எட்டும் அளவு மெல்லியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் தலையசைத்து, அடுத்த செவிக்குக் குமிழை மாற்றினார்.